குயவனுக்கு ஏன் ஹோமர்?

இங்கிலாந்திலே ஸ்டாபோர்ட்ஷயர் மாவட்டத்தின் வடபகுதியில் எட்ரூரியா என்று ஓர் ஊர் உண்டு. பெயரைக் கேட்டால் இத்தாலி நாட்டு ஊர் போலத் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் அந்தப் பெயரே வைக்கப்பட்டது. ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் முதலாளி 1769-ல் அங்கே புதுத் தொழிற்சாலை திறந்தார். இத்தாலியின் பழங்காலக் கல்லறைகளிலிருந்து தோண்டி எடுத்த அழகிய கலங்களைக் கண்டு பணக்கார ஐரோப்பா மயங்கிக் கிடந்த காலம் அது. அவற்றைச் செய்தவர்கள் எட்ரஸ்கர் என்ற பண்டைய மக்கள் என்று அன்று பலரும் நம்பினார்கள். ஆகவே தம் தொழிற்சாலைக்கு எட்ரூரியா என்று பெயர் சூட்டினார் வெட்ஜ்வுட். அந்தக் கலங்களில் பல கிரேக்கர் செய்தவை என்பது பின்னால் தெளிவாயிற்று. பெயரில் பிழை நேர்ந்ததே தவிர, வியாபாரத்தில் பிழை நேரவில்லை!

அந்தத் தொழிற்சாலையின் நீலநிறக் கலங்களின்மீது வெண்ணிற உருவங்கள் பதிந்திருக்கும். கிரேக்கக் கவிஞர் ஹோமரைத் தேவராக உயர்த்தும் காட்சியை பிளாக்ஸ்மன் என்ற சிற்பி 1778-ல் வடித்துக் கொடுத்தார். அதை அச்சில் அழுத்தி எடுத்துக் கலத்தின்மேல் ஒட்டியவர்கள் யார்? குயவர்கள். அந்த வட்டாரத்தின் பீங்கான் பட்டறைகளிலே, பத்து வயது நிரம்பாத சிறுவர்கள் அச்சுகளைச் சுமந்துகொண்டு அனல் வீசும் உலர்த்தும் அறைக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். 1864 வரையில் அந்தத் தொழிலைத் தொழிற்சாலைச் சட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மெருகிலே கலந்த ஈயம் உடம்பில் ஏறி நஞ்சாயிற்று. கல்லும் மண்ணும் அரைபட்ட தூசு நுரையீரலை அரித்தது. சீமான் வீட்டு மேடையில் ஹோமர் வீற்றிருந்தார். அவரை அங்கே அனுப்பி வைத்தவனுக்கு, தன் விரலால் அழுத்திய உருவம் யாருடையது, அந்த மனிதர் என்ன பாடினார், எதற்காக அவரைப் போற்றுகிறார்கள் என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

இந்தக் கதையை இப்போது எடுப்பானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பல்கலைக் கழகப் பட்டத்துக்குப் படிக்கும் இளைஞர்கள், தாங்கள் எடுத்துக்கொண்ட பாடத்தோடு கூட, ஐரோப்பாவின் பண்பாட்டையும் சிந்தனை வரலாற்றையும் படிக்கத்தான் வேண்டுமா என்ற வழக்கு மேல்நாடுகளிலே மறுபடியும் மூண்டிருக்கிறது. இரசாயனம் படிப்பவனுக்கு சாக்ரடீஸ் எதற்கு? கணக்கு எழுதப் போகிறவளுக்குப் பிரெஞ்சுப் புரட்சி எதற்கு? இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளுக்கு இரண்டையும் வாங்கித் தரக் கூடியவர்கள்தாம்!

இங்கிலாந்தின் நிலையையே எடுத்துக்கொள்வோம். பட்டம் பெற்றவர்களில் நூற்றுக்கு 60 பேராவது உயர்தர வேலைக்கோ மேற்படிப்புக்கோ அதற்கு நிகரான நிலைக்கோ சென்றிருக்க வேண்டும், இல்லையேல் அந்தப் படிப்பு விசாரணைக்கு உள்ளாகும் என்று உயர்கல்வியை மேற்பார்வையிடும் அரசு அமைப்பு 2022-ல் ஓர் அளவுகோல் வகுத்தது. அதே ஆண்டில் ஷெபீல்டு ஹாலம் பல்கலைக் கழகம் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனியாக இருந்த பட்டப் படிப்பில் மாணவர் சேர்க்கையை நிறுத்தி வைத்தது. ஆக்ஸ்போர்டிலே அப்படி நிறுத்துவார்களா? மாட்டார்கள். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் போகும் இடங்களில்தான் கத்தி முதலில் விழுகிறது. சீமான் மேடைக்கு ஹோமர், குயவன் கைக்குக் களிமண் என்ற பழைய பங்கீட்டைத்தான் இப்போது அளவுகோல் வைத்து, அட்டவணை போட்டு, நாகரிகமாகச் செய்கிறார்கள் என்கிறோம் நாம்.

ஆனால், குயவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. அதைச் சொல்லத்தான் எட்ரூரியாவுக்கு வந்தோம்.

எட்ரூரியாவுக்குச் சற்றுத் தள்ளி லாங்டன் என்ற ஊர். அதுவும் பீங்கான் ஊர்தான். வானம் தெரியாத புகை. 1908 ஜனவரியிலே, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அங்கே ஒரு வகுப்புத் தொடங்கிற்று. ஆசிரியர் ஆர். எச். டானி என்ற இளைஞர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். மறுநாள் சனிக்கிழமை அவர் பருத்தி ஆலை நகரான ரோச்டேலுக்குப் போய் அங்கேயும் வகுப்பு எடுத்தார். ஏற்பாடு செய்தது தொழிலாளர் கல்விச் சங்கம். அதை 1903-ல் தோற்றுவித்த ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் கூட்டுறவுச் சங்க ஊழியர், தச்சரின் மகன், பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர்.

வகுப்பின் அமைப்பைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த வழக்கின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது. ஒரு வகுப்பில் முப்பது பேருக்கு மேல் கூடாது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வருவதாக ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு 24 கூட்டங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முதல் மணி நேரம் ஆசிரியர் பேசுவார். இரண்டாவது மணி நேரம் மாணவர்களுடையது. கேட்கலாம், மறுக்கலாம், சண்டையும் போடலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். எந்தப் பாடம் வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்களும் அவர்களே. லாங்டன் தோழர்கள் கேட்டது பொருளாதார வரலாறு. நிலம் எப்படிப் பொதுவாக இருந்தது, எப்படி வேலி போடப்பட்டது, கைவினைஞன் எப்படிக் கூலியானான், இதையெல்லாம் நியாயம் என்று சொல்ல எந்தெந்தத் தத்துவம் துணைக்கு வந்தது என்று அறிய விரும்பினார்கள். பத்து மணி நேரம் சூளைப் பக்கம் நின்றுவிட்டு வந்து உட்காருகிறவன் பொழுதுபோக்குக்காக உட்காரவில்லை!

டானி பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் ஆனார். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலப் பிரச்சினை பற்றி 1912-ல் அவர் வெளியிட்ட நூலின் முன்னுரையில், தாம் யாரிடம் கற்றோம் என்று சொல்லும்போது நெசவாளரையும் குயவரையும் சுரங்கத் தொழிலாளரையும் எந்திரத் தொழிலாளரையும் நன்றியோடு குறிப்பிட்டார். மரியாதைக்காக எழுதிய வரி அல்ல அது. நூலில் படித்த சட்டத்தை அவர் சொன்னால், உடம்பில் பட்ட சட்டத்தை அவர்கள் சொன்னார்கள். இரண்டாவது மணி நேரத்தின் விளைவு அது.

இன்னும் ஒரு செய்தி. லாங்டனில் படித்தவர்கள் அறிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. 1911-ல் வட ஸ்டாபோர்ட்ஷயர் சுரங்கத் தொழிலாளர் உயர்கல்வி இயக்கம் என்று ஒன்று தோன்றிற்று. நேற்று வரை மாணவராக இருந்தவர்கள் சுற்றியிருந்த சுரங்க ஊர்களுக்குப் போய், அங்குள்ளவர்களுக்குக் கூலி வாங்காமல் வகுப்பு எடுத்தார்கள்.

இங்கே நம் பக்கத்துத் தோழர் ஒருவர் எழுந்து நிற்கிறார். “அதெல்லாம் சரி, ஆக்ஸ்போர்டு அனுப்பிய ஆசிரியர் ஆக்ஸ்போர்டின் சரக்கைத்தானே கொண்டு வருவார்? முதலாளி வர்க்கத்தின் பண்பாட்டைத் தொழிலாளி தலையில் ஏற்றி அவனை மழுங்கடிக்கும் தந்திரம் அல்லவா இது?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அன்றே கேட்டுவிட்டார்கள். ஆக்ஸ்போர்டு நகரிலே தொழிலாளருக்கென்று இருந்த ரஸ்கின் கல்லூரியில் 1909-ல் மாணவர்கள் வேலை நிறுத்தமே செய்தார்கள். கல்லூரித் தலைவர் டென்னிஸ் ஹேர்டை நிர்வாகம் வெளியேற்றியதை எதிர்த்தும், தங்களுக்கு மார்க்சியப் பொருளாதாரம் வேண்டும், பல்கலைக் கழகத்தின் அணைப்பு வேண்டாம் என்று முழங்கியும் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் மத்தியத் தொழிலாளர் கல்லூரி. தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களும் இரயில்வே தொழிலாளர்களும் தங்கள் சங்கங்களின் பணத்தால் அதைத் தாங்கினார்கள். 1929-ல் பணமின்றி மூடப்படும் வரை அது நடந்தது.

அந்த வேலை நிறுத்தக்காரர்கள் மீது நமக்கு அனுதாபம் மிகுதி. ஒளிப்பானேன்? ஆசிரியர் ஊட்டுவதை விழுங்க மாட்டோம் என்று சொல்லும் மாணவன் பாதிப் படிப்பை அப்போதே முடித்துவிட்டான். ஆனால் அவர்கள் சொன்னதில் பாதிதான் சரி என்பது நம் எண்ணம். மார்க்ஸ் எங்கிருந்து வந்தார்? அவர் டாக்டர் பட்டத்துக்கு 1841-ல் கொடுத்த ஆராய்ச்சி கிரேக்கத் தத்துவ ஞானிகளான டெமாக்ரிடஸ், எபிக்யூரஸ் இருவரையும் பற்றியது. ஹெகலைப் படித்துத்தான் ஹெகலோடு மல்லுக்கட்டினார். ஆதம் ஸ்மித்தையும் ரிக்கார்டோவையும் வரிவரியாகப் படித்த பிறகே அவர்களுடைய கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்டினார். எதிரியின் சரக்கு என்று அந்தப் புத்தகங்களை அவர் தள்ளி வைத்திருந்தால் நமக்கு மார்க்ஸ் கிடைத்திருக்க மாட்டார். மத்தியத் தொழிலாளர் கல்லூரியில் 1919 முதல் இரண்டு ஆண்டு படித்த சுரங்கத் தொழிலாளி ஒருவர், 1948-ல் அமைச்சராக இருந்து இங்கிலாந்து மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அனூரின் பெவன்தான் அவர். பாராளுமன்றத்தில் அவர் பேச எழுந்தால் எதிர்க்கட்சிப் பிரபுக்கள் நடுங்கினார்கள். அந்த நாவன்மை வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரின் தொழிலாளர் நூலகத்திலே அமர்ந்து கண்டதையெல்லாம் படித்துச் சேர்த்த செல்வம்.

இனிக் கீலுக்கு வருவோம்.

ஏ. டி. லிண்ட்சே என்ற பேராசிரியரின் பெயர் நம் நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. இந்தியாவில் கிறித்தவக் கல்லூரிகள் தந்துவந்த உயர்கல்வியை ஆராய 1930-31-ல் வந்த குழுவுக்கு அவரே தலைவர். 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தியார் ஆக்ஸ்போர்டுக்குச் சென்றபோது தங்கியது லிண்ட்சேயின் இல்லத்தில்தான். பேலியல் கல்லூரித் தலைவர், தொழிற்கட்சிக்காரர். 1938-ல் மூனிச் உடன்படிக்கை என்ற பெயரால் ஹிட்லரிடம் செக்கோஸ்லோவாகியாவைக் காவு கொடுத்ததை எதிர்த்து இடைத் தேர்தலில் நின்று தோற்றவர். அவருக்கும் வட ஸ்டாபோர்ட்ஷயர் தொழிலாளர் வகுப்புகளுக்கும் நீண்ட காலத் தொடர்பு இருந்தது. எங்களுக்கென்று ஒரு பல்கலைக் கழகம் வேண்டும் என்று அந்த வகுப்புகளில் படித்தவர்கள் நெடுநாள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களோடு நின்றவர் தாமஸ் ஹார்வுட் என்ற பாதிரியார். ஸ்டோக் நகர மன்றத்தில் தொழிற்கட்சியின் தலைவர். அவர் எந்த ஊர்த் திருச்சபைக்குப் பாதிரியார் தெரியுமா? எட்ரூரியாவுக்கு!

மேலிடத்தில் தயக்கம். புதிய பல்கலைக் கழகம் எதற்கு, இருப்பவை போதாவா என்றார்கள். லிண்ட்சேயும் ஹார்வுட்டும் விடவில்லை. 1949-ல் வட ஸ்டாபோர்ட்ஷயர் பல்கலைக் கழகக் கல்லூரி என்ற பெயரில் அரச சாசனம் கிடைத்தது. ஜமீன் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமாயிருந்த கீல் மாளிகையிலும், போர்க் காலத்தில் இராணுவம் போட்டுவிட்டுப் போன கொட்டகைகளிலும் 1950 அக்டோபரில் ஏறத்தாழ நூற்றைம்பது மாணவர்களோடு கல்லூரி தொடங்கிற்று. மேடையும் மண்டபமும் இல்லை. சேறு நிறைய இருந்தது.

மற்ற இடங்களில் பட்டம் மூன்று ஆண்டு. கீலில் நான்கு. முதலாண்டுக்கு அடிப்படை ஆண்டு என்று பெயர். அந்த ஆண்டில் இன்ன துறை மாணவன் என்ற பேதமே கிடையாது. பௌதிகம் படிக்கப் போகிறவனும் இலக்கியம் படிக்கப் போகிறவளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, கிரேக்கரும் யூதரும் தொடங்கி இன்று வரை மேலை நாகரிகம் எப்படி வளர்ந்தது, விஞ்ஞானம் எப்படி மனிதனின் பார்வையை மாற்றியது, தொழிற் புரட்சி என்ன செய்தது என்று நாள்தோறும் சொற்பொழிவு கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போய்விட முடியாது. சிறு குழுக்களாகப் பிரிந்து விவாதிக்க வேண்டும். கட்டுரை எழுத வேண்டும். டானியின் இரண்டாவது மணி நேரம் இங்கேயும் வந்துவிட்டது! அடுத்த மூன்று ஆண்டுகளில் இரண்டு முதன்மைப் பாடங்கள், அவற்றோடு துணைப் பாடங்கள். விஞ்ஞான மாணவன் மறு பக்கத்திலிருந்தும், கலை மாணவன் விஞ்ஞானப் பக்கத்திலிருந்தும் ஒன்றையாவது எடுத்தே ஆக வேண்டும். தன் துறையைத் தவிர வேறொன்றும் அறியாத நிபுணன் ஜனநாயகத்துக்கு ஆபத்தானவன் என்பது லிண்ட்சேயின் உறுதியான கருத்து.

1959-ல் சி. பி. ஸ்நோ கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய சொற்பொழிவில், இலக்கியவாணரும் விஞ்ஞானிகளும் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத இரண்டு உலகங்களாகிவிட்டார்கள் என்று முறையிட்டார். ஊரெங்கும் பரபரப்பு. கீலில் அந்த நோய்க்கு ஒன்பது ஆண்டுகளாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்ததை அந்தப் பரபரப்பில் பலர் கவனிக்கவில்லை. 1961-ல் தோன்றிய சசெக்ஸ் பல்கலைக் கழகம் கவனித்தது எனலாம். ஐரோப்பிய ஆய்வுப் பள்ளி என்று ஒன்றை அமைத்து, வரலாறோ இலக்கியமோ தத்துவமோ எதைச் சிறப்புப் பாடமாக எடுத்தாலும், அதோடு ஐரோப்பாவின் கருத்து வரலாற்றையும் ஒரு மொழியையும் சேர்த்துப் படிக்கச் செய்தது.

சரி, பண்பாடு படித்துவிட்டால் மனிதன் நல்லவனாகிவிடுவானா? இந்தக் கேள்வியிலிருந்து நழுவிச் செல்ல நாம் விரும்பவில்லை.

1933 மே 10-ந் தேதி இரவு ஜெர்மனியின் பல்கலைக் கழக நகரங்களிலே புத்தகங்கள் கொளுத்தப்பட்டன. கொளுத்தியவர்கள் எழுத்தறியாத முரடர்களா? இல்லை. மாணவர் சங்கம் ஏற்பாடு செய்தது. மாணவர்கள் தீவட்டி பிடித்தார்கள். பல ஊர்களில் பேராசிரியர்கள் அங்கி அணிந்து வந்து வாழ்த்துரை வழங்கினார்கள். கெதேயையும் ஷில்லரையும் மனப்பாடமாகச் சொல்லக் கூடியவர்கள் அவர்கள். ஹைடெக்கர் என்ற தத்துவ ஞானி அதே மே மாதத்தில் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அப்போது அவர் பிரைபர்க் பல்கலைக் கழகத்தின் தலைவர். ஐரோப்பியப் பண்பாட்டை உலகிலேயே ஆழமாகப் படித்த நாடு ஜெர்மனி என்று பெயர். என்ன பயன் கண்டது?

போர் முடிந்த பிறகு இதே கேள்வியை ஜெர்மானியர்களே கேட்டுக்கொண்டார்கள். பிரிட்டிஷ் படை வசமிருந்த பகுதியில் பல்கலைக் கழகச் சீர்திருத்தத்துக்காக ஒரு குழு அமைந்தது. அதன் 1948-ம் ஆண்டு அறிக்கைக்கு நீல அறிக்கை என்று பெயர். குழுவிலே ஜெர்மானியரோடு இருந்த ஒரே ஆங்கிலேயர் யார்? நம்முடைய லிண்ட்சேதான்! எந்தத் துறையில் படித்தாலும் எல்லா மாணவரும் பொதுப் படிப்பும் படிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. அதே ஆண்டில் டூபிங்கன் நகரில் லைப்னிட்ஸ் கல்லூரி தொடங்கிற்று. பட்டப் படிப்பில் நுழையும் முன் இளைஞர்கள் ஒன்றாகத் தங்கி, ஒரு துறைக்குள் அடைபடாமல் படிக்கும் இடம். இன்றும் அது நடக்கிறது. ஆனால் பெரிய பல்கலைக் கழகங்களில் பொதுப் படிப்பு என்பது பல இடங்களில் மாலைநேரச் சொற்பொழிவாகத் தேய்ந்துவிட்டது. வேண்டியவர் வரலாம், வந்தவர் கேட்கலாம், கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். முதல் மணி நேரம் மட்டும் மிஞ்சிற்று. இரண்டாவது காணாமல் போயிற்று.

கெதேயை வணங்கக் கற்ற மாணவனுக்குக் கெதேயைக் கேள்வி கேட்கக் கற்றுத் தரவில்லை. வணங்கிப் பழகியவன், வணங்க வேண்டிய பொருள் மாறியதும் புதிய பொருளை வணங்கினான். ஜெர்மனியின் கதையை நாம் இப்படித்தான் படிக்கிறோம். பண்பாட்டுப் படிப்பே தவறு என்று அதிலிருந்து முடிவு கட்டுகிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பூசையறையில் வைத்துப் படிப்பதுதான் தவறு.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை வேறு உருவில் நடந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் மேலைப் பண்பாடு என்ற கட்டாயப் பாடம் இருந்தது. அதிலே கறுப்பர் எங்கே, பெண்கள் எங்கே, ஐரோப்பா அடிமைப்படுத்திய நாடுகள் எங்கே என்று 1987-ல் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். மறு ஆண்டு அந்தப் பாடம் எடுக்கப்பட்டு, பண்பாடுகள், கருத்துகள், மதிப்புகள் என்று வேறு பாடம் வந்தது. நாகரிகமே அழிந்தது என்று பத்திரிகைகளில் ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரி வைத்தவர்களைப் பார்த்து நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஐரோப்பாவின் சிந்தனை என்பது ஒரே குரலா என்ன? ஹோமரைக் கலத்தில் பதித்த அதே வெட்ஜ்வுட் 1787-ல் ஒரு சிறு பதக்கம் செய்தார். சங்கிலியோடு மண்டியிட்டு, நானும் மனிதனல்லவா, சகோதரனல்லவா என்று கேட்கும் ஓர் அடிமையின் உருவம் அதில் இருந்தது. அடிமை வாணிபத்தை எதிர்த்தவர்கள் அதை அணிந்து திரிந்தார்கள். அந்த வாணிபத்தால் கொழுத்தவர்களும் ஐரோப்பியர்கள்தாம். அடிமை முறைக்கு நியாயம் சொன்ன தத்துவமும் அங்கே உண்டு, அதை உடைத்த தத்துவமும் அங்கே உண்டு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கிற மாணவனைத்தான் ஆளுகிறவர்கள் விரும்புவதில்லை.

பொருளாதாரம் படிக்க 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக் கழகத்துக்குப் போன ஓர் இளைஞரை இங்கே நினைவு கூர்கிறோம். அவர் பொருளாதாரத்தோடு நிற்கவில்லை. வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல் என்று கதவு திறந்திருந்த வகுப்புக்கெல்லாம் போனார். பிரெஞ்சும் ஜெர்மனும்கூடத் தொட்டுப் பார்த்தார். ஜான் டூயியிடம் தத்துவம் கேட்டார். டாக்டர் அம்பேத்கரைத்தான் சொல்கிறோம். விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றும் நம் அரசியல் சட்டத்தின் முகப்பிலே நிற்கின்றன. ஆனால் 1954-ல் வானொலியில் பேசியபோது, இவற்றைத் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை என்றும், தம் ஆசானாகிய புத்தரிடமிருந்தே பெற்றதாகவும் அவர் அறிவித்தார். ஐரோப்பாவைப் படித்தால் ஐரோப்பாவுக்கு அடிமையாகிவிடுவோம் என்று அஞ்சுகிறவர்கள் இந்த உதாரணத்தைச் சற்று யோசிக்கட்டும். அரைகுறையாகப் படித்தவன்தான் அடிமையாவான்.

கீல் என்ன ஆயிற்று? 1962-ல் முழுப் பல்கலைக் கழகமாயிற்று. லிண்ட்சே 1952-லேயே காலமாகிவிட்டார். எழுபதுகளில் மூன்றாண்டுப் பட்டமும் உள்ளே நுழைந்தது. ஓராண்டு மிச்சம் என்ற கணக்கு மாணவர்களையும் இழுத்தது, செலவைக் குறைக்கத் துடித்த அரசாங்கத்தையும் இழுத்தது. அடிப்படை ஆண்டு சிறுகச் சிறுகச் சுருங்கி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பழைய உருவில் இல்லாமலே போயிற்று. பாடம் பிடிக்காமல் மாணவர்கள் ஓடினார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த ஆண்டைப் படித்தவர்களில் பலர் முதுமையிலும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். கட்டாயம் என்றால் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும்; காலை வெயிலில் ஒன்பது மணிக்கு பிளேட்டோ என்றால் யார் தூங்க மாட்டார்கள்? அது வேறு செய்தி.

உண்மைக் காரணம் பணம். 1962-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால், தகுதி பெற்ற மாணவருக்கு உள்ளாட்சி மன்றங்கள் உதவித் தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆயிற்று. நான்காண்டு படித்தாலும் தலையில் கடன் ஏறாத காலம். 1998-ல் ஆண்டுக்கு 1,000 பவுன் கட்டணம் என்று தொடங்கினார்கள். அதுவும் தொழிற்கட்சி அரசாங்கம்! 2006-ல் 3,000. 2012-ல் 9,000. 2025-ல் தொடங்கிய கல்வியாண்டில் 9,535. கடன் வாங்கிக் கட்டலாம், சம்பாதித்துத் திருப்பலாம் என்கிறார்கள். இந்த நிலையில் சுரங்கம் மூடிக் கிடக்கும் ஊரிலிருந்து வரும் பெண்ணிடம் போய், “அம்மா, மூன்றாண்டு போதாது, ஹோமரும் டார்வினும் படிக்க இன்னோர் ஆண்டு இரு” என்று எந்த முகத்தோடு சொல்வது? அவள் வேண்டாம் என்றால் அது அவளுடைய அறிவீனம் அல்ல, கணக்குத் தெரிந்தவள். ஹோமர் வேண்டும் என்பவர்கள் முதலில் அந்த 9,535 பவுனைப் பற்றிப் பேச வேண்டும். பேசாமல் பண்பாடு அழிகிறதே என்று பெருமூச்சு விடும் பிரமுகர்களை நாம் நம்புவதில்லை.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. பட்டத்தோடு சேர்ந்த பொதுப் படிப்பு ஆண்டின் செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும். மாணவன் தலையில் ஒரு காசும் ஏறக் கூடாது. வகுப்பின் இரண்டாவது மணி நேரம் மாணவர் கையில் இருக்க வேண்டும். எந்தெந்த நூல் என்பதிலும் அவர்களுக்குக் குரல் வேண்டும். லாங்டன் குயவர்களுக்கு 1908-ல் இருந்த உரிமை இன்றைய பட்டதாரிக்குக் கூடாதா?

பணத்துக்கு எங்கே போவது என்று நிதியமைச்சர்கள் கையை விரிப்பார்கள். கீலில் முதல் வகுப்புத் தொடங்கிய 1950-ல் இங்கிலாந்து எப்படி இருந்தது? குண்டு விழுந்த வீடுகள் இன்னும் கட்டி முடியவில்லை. அமெரிக்காவுக்குக் கடன். இறைச்சியும் வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷன் அட்டைக்கு அளந்து கொடுத்தார்கள். இறைச்சிக்கு அந்த அட்டை போனது 1954-ல்தான். அந்த நாடு அந்த நாளில் குயவர்களின் ஊருக்கு நான்காம் ஆண்டைக் கொடுத்தது.